தொட்டி வாசலில் மீட்டரக்கா

எங்க பட்டறையில ஸ்டூல்ல உக்காந்தே சம்பளம் வாங்குற ஒரே ஆள் மீட்டரக்காதான். இதை அவங்க காதுபடவே எத்தனை தடவை சொல்லியிருப்பேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. நான் ஃபிட்டர். நாள் முழுக்கக் குழாயைத் தூக்கி, அளந்து, நிமித்தி, பொருத்தி, இடுப்பு ஒடிஞ்சு வீட்டுக்குப் போறவன். என் கண்ணு முன்னாடி ஒரு அம்மா கழுத்துல மஞ்சப் பெட்டி ஒண்ணை மாட்டிக்கிட்டு, தொட்டி வாயையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தா எனக்குப் பத்திக்கிட்டுத்தான் வரும். எனக்குக் கோவம் சீக்கிரம் வரும். அதையும் இப்பவே சொல்லிடுறேன். நடந்ததுல பாதி அந்தக் கோவம் பண்ணின வேலை.

நாங்க செய்யறது ஸ்டீல் தொட்டி. மருந்துக் கம்பெனி, பால் கம்பெனி எல்லாம் வாங்கிட்டுப் போகும். சின்னதை வெளியிலேர்ந்தே பத்த வச்சு, அதாவது வெல்டிங் பண்ணி, முடிச்சிடலாம். பெரியதுக்கு ஆள் உள்ள இறங்கணும். மேல ஒரு ஓட்டை, அது வழியா ஏணி. உள்ள ஆள் இருக்கிற வரைக்கும் அந்த ஓட்டையை ஒட்டின மேடையில ஒருத்தர் காவல் இருக்கணும்னு சட்டம். அந்தக் காவல்தான் அக்கா. உள்ள இருக்கிற காத்தை அளக்கணும், யார் எத்தனை மணிக்கு இறங்கினாங்கன்னு நோட்டுல எழுதணும், கடைசி ஆள் மேல வர்ற வரைக்கும் நகரக் கூடாது. முக்கியமா, உள்ள என்ன நடந்தாலும் காவல் இருக்கிறவங்க இறங்கக் கூடாது.

அந்த மஞ்சப் பெட்டிதான் மீட்டர். காத்துல ஆக்சிஜன் எவ்வளவுன்னு காட்டும். நல்ல காத்துன்னா இருபத்தொண்ணுக்குக் கொஞ்சம் குறைவா நிக்கும். பத்தொன்பதரைக்குக் கீழ போனா காது கிழியுற மாதிரிக் கத்தும். மத்தவங்கன்னா பெட்டியை ஓட்டைக்கு மேல ஒரு நிமிஷம் காட்டிட்டு, சரி இறங்குன்னுடுவாங்க. அக்கா அப்படி இல்ல. பெட்டியில ஒரு ரப்பர் குழாயை மாட்டி, மேல ஒரு தடவை, இடுப்பு உயரத்துல ஒரு தடவை, அடியில ஒரு தடவைன்னு மூணு எடத்துல அளப்பாங்க. ஒவ்வொரு எடத்துலயும் அறுபது எண்ணுவாங்க. நாங்க தலையில அடிச்சுக்கிட்டு நிப்போம். காத்துக்கு என்னக்கா மேல கீழன்னு ஒருநாள் எரிஞ்சு விழுந்தேன். அன்னிக்குத்தான் தன் கதையைச் சொன்னாங்க.

அதுக்கு முன்னாடி அவங்க வேலை பார்த்தது குடிதண்ணி சுத்தம் பண்ற நிலையத்துல. குளோரின் சிலிண்டர் வச்சிருக்கிற அறையைப் பெருக்கித் துடைக்கிற வேலை. தீப்பிடிச்சா என்ன செய்யணும்னு அங்க பாடம் எடுத்திருந்தாங்க. புகை வந்தா தரையோட தரையா படுத்து ஊர்ந்து போங்க, நல்ல காத்து கீழதான் இருக்கும்னு. ஒருநாள் காலையில சிலிண்டர் வாய் கசிஞ்சு, பச்சையும் மஞ்சளுமா புகை எழும்பியிருக்கு. அக்கா சொல்லிக் கொடுத்ததை ஒரு எழுத்து பிசகாம செஞ்சிருக்காங்க. படுத்து ஊர்ந்திருக்காங்க. குளோரின் காத்தைவிட ரெண்டரை மடங்கு கனம். தரையிலதான் அது கூடிக் கிடந்துச்சு. கூட இருந்த பொண்ணுக்குப் பாடமெல்லாம் மனசுல நிக்கல, பயந்துபோய் மாடிப்படியில ஏறிட்டா. அவளுக்கு ஒண்ணும் ஆகல. அக்கா ஒரு மாசம் ஆஸ்பத்திரியில கிடந்தாங்க. நெஞ்சு தேறிடுச்சு. வாசனை மட்டும் போனது போனதுதான், இன்னிவரைக்கும் திரும்பல.

அதுக்கப்புறம் அக்கா வாயுக்களை விசாரிக்க ஆரம்பிச்சாங்க. வாடகைக்கு வர்றவங்களை வீட்டுக்காரம்மா விசாரிக்கிற மாதிரி, கனமா லேசா, வாசனை உண்டா, யாரோட சேரும், யாரோட சேர்ந்தா வீட்டை எரிக்கும்னு ஒண்ணுவிடாம. ஹைட்ரஜன் எல்லாத்தையும்விட லேசு, கூரைக்கு ஏறி உக்காந்துக்கும், பத்திக்கிட்டா பகல்ல அதோட சுடர் கண்ணுக்கே தெரியாதும்பாங்க. ஆக்சிஜன் தானா எரியாது, அடுத்தவனை ஏத்திவிட்டு எரிய வைக்கிற ஆளும்பாங்க. அதோட வால்வு பக்கம் எண்ணெய்க் கையோட யாராவது போனா பிடிச்சுக் கிழிகிழின்னு கிழிப்பாங்க. நைட்ரஜன் நம்ம மூச்சுல முக்காவாசிக்கு மேல இருக்கு, கூட்டத்தோட இருக்கிற வரைக்கும் சாது, தனியா நின்னா ஆளைச் சாய்ச்சிடும். இப்படி ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஜாதகம் வச்சிருந்தாங்க.

அவங்களுக்குப் பிடிக்காதது ஆர்கான். எங்க வெல்டிங்குக்கு அது இல்லாம முடியாது. "குளோரினைக்கூட மன்னிச்சிடலாம். கண்ணை எரிய வச்சு, தொண்டையைப் பிடிச்சு, வந்துட்டேன்னு சொல்லிட்டு வரும். ஆர்கான் சொல்லாம கொள்ளாம வரும்"னு சொன்னாங்க. நிறம் இல்ல, மணம் இல்ல, யாரோடயும் சேராது. காத்தைவிடக் கனம்கிறதால பள்ளத்துல இறங்கிப் படுத்துக்கும். அதைச் சுவாசிச்சா மூச்சே முட்டாதாம். முட்டினாத்தானே மனுஷன் அலறிக்கிட்டு வெளிய ஓடுவான்.

சரிதான், மூக்கே இல்லாத காவல்னு நான் கிண்டல் பண்ணினேன். அக்காவும் சிரிச்சாங்க. மூக்கு இருக்கிறவன் மூக்கை நம்புவான், அது இல்லாததாலதான் நான் பெட்டியை நம்புறேன்னாங்க.

வெல்டர் அவங்க கூடப் பொறந்த தம்பி. அக்காவைவிட எட்டு வயசு சின்னவன், எனக்குச் சிநேகிதன், மாப்ளன்னுதான் கூப்பிட்டுக்குவோம். அவங்க அம்மாவுக்கு அவன் உயிர். அப்பா சின்ன வயசுலயே போயிட்டார். இவனைத் தூக்கி வளர்த்ததே அக்காதான். காலையில ரெண்டு பேரும் வேலைக்குக் கிளம்புறப்ப அம்மா மகளைப் பார்த்து ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவாங்களாம், அவனைப் பார்த்துக்கோன்னு. மகளை யார் பார்த்துக்கணும்னு அந்த வீட்டுல யாரும் பேசி நான் கேட்டதில்ல.

அன்னிக்கு மேடைக்கு வந்த தொட்டி ரெண்டு ஆள் உயரம். அகலம் குறைச்சல், உள்ள நின்னு கையை நீட்டினா ரெண்டு பக்கமும் தட்டும். அடியில ஒரு குழாயை வச்சுப் பத்தணும். ஸ்டீலை ஒரு பக்கம் பத்த வைக்கிறப்ப அதோட பின்பக்கம் காத்து படக் கூடாது. பட்டா கரிஞ்ச சர்க்கரை மாதிரி கருத்துப் பொரிஞ்சு போயிடும், அப்புறம் வெட்டி எறிய வேண்டியதுதான். அதனால குழாய்க்குள்ள ஆர்கானை நிரப்பி, தொட்டிப் பக்கம் அதோட வாயை அலுமினிய டேப் போட்டு அடைச்சிடுவோம். நல்லா நிரம்ப அரை மணி நேரம் ஆகும். அதனால சாப்பிடப் போறப்ப வால்வை மூடவே மாட்டோம், நிமிஷத்துக்கு மூணு லிட்டர்னு குறைச்சு வச்சுட்டுப் போவோம். வந்தவுடனே வேலையைத் தொடங்கிடலாம். காத்து ஊதுற ஃபேனையும் நிறுத்திடுவோம். காத்தடிச்சா ஆர்கான் கலைஞ்சு வெல்டிங் சரியா விழாது. நாங்க வச்சுக்கிட்ட வழக்கம் இதெல்லாம். எந்தக் காகிதத்துலயும் இருக்காது.

சாப்பாட்டு மணி அடிச்சப்ப, வால்வை மூடிட்டுப் போன்னு அக்கா என்கிட்ட சொன்னாங்க. அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் ஃபோர்மன் ஏதோ ஒரு அளவுக்காக நாலு பேர் முன்னாடி என்னை வாங்கு வாங்குன்னு வாங்கியிருந்தார். அந்தக் கடுப்புல இருந்தேன். சரி சரின்னுட்டு, மூடாம குறைக்கத்தான் போனேன். வால்வுக்குப் பக்கத்துல ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும், அதுக்குள்ள ஒரு சின்ன உருண்டை எவ்வளவு வாயு போகுதுன்னு காட்டும். திருகினேன். உருண்டை எங்க நிக்குதுன்னு பார்க்கல. ஃபோர்மனுக்கு என்ன பதில் சொல்லியிருக்கணும்னு மனசுக்குள்ள பேசிக்கிட்டே சாப்பிடப் போயிட்டேன்.

திரும்பி வந்தப்ப அக்கா எங்களுக்கு முன்னாடியே மேடையில நின்னாங்க. மீட்டர்ல சார்ஜ் இறங்கி சிவப்பு விளக்கு மினுக்குது. வேற மீட்டர் ஆபீஸ் அறையில இருக்கு, பட்டறையோட அந்தக் கோடியில. என்னைக் கூப்பிட்டு ஸ்டூல்ல உக்கார வச்சாங்க.

"ரெண்டு நிமிஷம். நான் வர்ற வரைக்கும் யாரையும் உள்ள விடாதே. என் தம்பியா இருந்தாலும்."

அவங்க போன கையோட மாப்ள வந்தான். இடுப்பு வார், தோள் வார் எல்லாம் மாட்டியிருந்தான், அதுல குறை சொல்ல முடியாது. அக்கா வரட்டும்டான்னு ஒரு தடவை சொன்னேன். காலையில பார்த்த காத்து சாப்பிடவா போயிருக்கும்னு கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்திடுச்சு. சிரிச்சுட்டா அப்புறம் எங்க தடுக்கிறது. ஏணியில இறங்கினான். பாதியில, ஆபத்துன்னா மேல இழுக்கிறதுக்குக் கட்டுற கயிறு ஏணிப்படியில சிக்க, முதுகுக் கொக்கியிலேர்ந்து அதைக் கழட்டி மேல வீசினான். நானும் நல்ல பிள்ளையா அதை வாங்கி ஓரமா மாட்டினேன்.

அக்கா வந்தாங்க. காலியா இருக்க வேண்டிய தொட்டிக்குள்ள டார்ச் வெளிச்சம் ஆடுறதைப் பார்த்தாங்க. ஓட்டையில குனிஞ்சு, மேல வான்னாங்க.

அவன் அடியில நிமிந்து நின்னு அண்ணாந்து பார்த்துச் சிரிச்சான். நல்லாத்தான் இருக்கேன், பாருன்னான். நிஜமாவே நல்லாத்தான் இருந்தான். அக்கா அவன்கூட வாதாடல. ரப்பர் குழாயைச் சரசரன்னு உள்ள இறக்கிக்கிட்டே சொன்னாங்க. "நிமிந்தே நில்லு. குனியாதே. அப்படியே ஏணியைப் பிடி."

"டேப் கழண்டிருக்குக்கா"ன்னுட்டு, அதைப் பார்க்கக் குனிஞ்சான்.

முழங்கால் மடங்குச்சு. உக்காரப் போறான்னுதான் நினைச்சேன். உக்காரல, அப்படியே பக்கவாட்டுல சரிஞ்சு, கன்னம் ஸ்டீல்ல படப் படுத்துட்டான். ஒரு சத்தம் இல்ல, ஒரு இருமல் இல்ல. டார்ச் மட்டும் உருண்டு போய் நின்னுச்சு. அடுத்த நொடி மீட்டர் கத்த ஆரம்பிச்சது. எட்டிப் பார்த்தேன். நாலு. இருபத்தொண்ணு இருக்க வேண்டிய எடத்துல நாலு.

அக்கா முகத்தைப் பார்த்தேன், அங்க அக்கா இல்ல. மேடைப்படியில தடதடன்னு இறங்கி, தொட்டிக்கு எதிர்ப்பக்கமா ஓடுறாங்க. தம்பி உள்ள கிடக்கிறான், இவங்க ஓடுறாங்க. எனக்குக் கண்ணு மண்ணு தெரியல. அதுவரைக்கும் வாங்க போங்கன்னு பேசினவன், "ஏய், எங்க ஓடுற, தம்பியை விட்டுட்டு எங்க ஓடுற"ன்னு பட்டறையே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். கத்திக்கிட்டே ஓட்டையில காலை விட்டேன்.

ரெண்டாவது படியில கால் வச்சிருப்பேன். பின்னாலேர்ந்து என் பெல்ட்டை ஒரு கை பிடிச்சது. அக்கா திரும்பி வந்திருந்தாங்க. இன்னொரு கையை என் கழுத்தைச் சுத்திப் போட்டு, மேடைக் கம்பியில காலை முட்டுக் கொடுத்து இழுத்தாங்க. விடுன்னேன். விடல. முழங்கையால இடிச்சேன். விடல. அந்த அம்மாவுக்கு உடம்புல என்ன இருக்கு, என்னால நாலு மூட்டை தூக்க முடியும், ஆனா அந்தப் பிடியை உதற முடியல. உள்ள அவன் கிடக்கிறது தெரியுது, மீட்டர் கத்துறது காதுல அறையுது. கழுத்துல கிடந்த கையை என் பல்லால கடிச்சேன். உப்புக்கரிச்சது.

அப்பவும் விடாம, என் காதுக்குள்ள சொன்னாங்க. "நீ குனிஞ்சா ரெண்டு மூச்சு. அப்புறம் ரெண்டு பேரைத் தூக்கணும் நான். கேஸை மூடிட்டு வந்திருக்கேன். பதினஞ்சுல ஓடிக்கிட்டிருந்துச்சு. வெளிய வா, உன் கை எனக்கு வேணும்."

பதினஞ்சு. மூணுல வச்சுட்டுப் போனதா நினைச்சுக்கிட்டிருந்த வால்வு. ஒரு மணி நேரமா டேப்பைப் பிச்சுக்கிட்டு தொட்டிக்குள்ள நிரம்பியிருக்கு. கிணத்துல தண்ணி நிக்கிற மாதிரி அடியிலேர்ந்து இடுப்பு உயரத்துக்கு நின்னிருக்கு. ஏணியைப் பிடிச்சிருந்த கையை விட்டேன். அக்கா இழுத்த இழுப்புக்கு மேடையில வந்து விழுந்தேன்.

அதுக்கப்புறம் அவங்க சொன்னதைச் செஞ்சேன், யோசிக்கல. ஃபேனைப் போட்டாங்க. அதோட துணிக்குழாயை அடிவரைக்கும் இறக்கி, அவன் முகத்துக்கிட்ட காத்து அடிக்கிற மாதிரி நான் பிடிச்சேன். அதுக்குள்ள ஃபோர்மன் மூச்சிரைக்க ஏறி வந்தார். கையில இரும்பு வெட்டுற கட்டிங் செட்டோட ஆக்சிஜன் குழாய். அதை உள்ள விட்டா பையன் பொழைச்சுக்குவான்னு ஓட்டையை நோக்கி நீட்டினார். யாருக்கும் அப்படித்தான் தோணும், மூச்சுக்கு ஆக்சிஜன்தானே. அக்கா அவர் கையைத் தட்டிவிட்டாங்க. குழாய் மேடையில விழுந்துச்சு.

"உள்ள டார்ச் எரிஞ்சுக்கிட்டுக் கிடக்கு. அவன் துணியெல்லாம் அதைக் குடிச்சா ஒரு பொறி போதும், ஆளே பந்தமா எரிவான். காத்து போதும். ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க."

ஃபோர்மன் ஒருநாளும் இந்த அம்மாகிட்ட உத்தரவு வாங்கினவர் இல்ல. அன்னிக்கு மறுபேச்சு பேசாம இறங்கி ஓடினார்.

அக்கா ஒரு நீளக் குழாய் எடுத்துக்கிட்டு வந்தாங்க, முனையில கம்பியை வளைச்சுக் கொக்கி வச்சு, கொக்கியில ஒரு கயிறும் கட்டினது. அவங்களே எப்பவோ செஞ்சு மேடைக்கு அடியில போட்டு வச்சிருந்தாங்களாம். எனக்கு அப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாது. அவன் முதுகு வார்ல ஒரு இரும்பு வளையம் இருக்கு. அதுல இந்தக் கொக்கி மாட்டணும். ஓட்டைக்கிட்ட மேல காத்து சரியா இருக்கான்னு முதல்ல அளந்து பார்த்தாங்க. அப்புறம் என்னைக் குப்புறப் படுக்கச் சொன்னாங்க, என் கை நீளம்னு. அவங்க என் கால்மேல உக்காந்துக்கிட்டு, மீட்டரைப் பார்த்து ஒவ்வொரு எண்ணா சொன்னாங்க.

ஆறு. கொக்கி வளையத்தைத் தொடும், வழுக்கும். ஒன்பது. அவன் உதடு நீலமா தெரியுது. மாப்ள மாப்ளன்னு நான் முணுமுணுக்கிறேன்னு அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். பேசாதே, வளையத்தைப் பாருன்னாங்க. பதிமூணு. மறுபடி வழுக்குச்சு. நான் உள்ள குதிச்சிருந்தா இந்நேரம் தூக்கியிருப்பேன்னு ஒரு எண்ணம் வந்துச்சு பாருங்க, அந்த நேரத்துலயும், அப்படி ஒரு ஜென்மம் நான். பதினாறு. கிளிக்குனு ஒரு சத்தம், கொக்கி விழுந்துச்சு.

ஓட்டைக்கு மேல நின்ன மூணு கால் தாங்கியில அந்தக் கயிற்றைக் கோத்து, கைப்பிடியைச் சுத்தினோம். மூட்டை மாதிரி தலை தொங்க மேல வந்தான். மேடையில கிடத்தி, அக்கா அவன் மூக்கை மூடி வாய்ல வாய் வச்சு ஊதினாங்க. நெஞ்சை அமுக்கினேன், அவங்க எண்ணிக்கைக்கு. மறுபடி ஊதினாங்க. அவங்க கையிலேர்ந்து ரத்தம் சொட்டி அவன் சட்டையில விழுந்துக்கிட்டே இருந்துச்சு. அது என் பல்லு பட்ட எடம். எத்தனை தடவைன்னு தெரியாது, ஒரு கட்டத்துல அவன் நெஞ்சு தானா ஒருதரம் தூக்கிப் போட்டுச்சு. அப்புறம் இன்னொரு தரம். ஆம்புலன்ஸ்காரங்க வந்து முகத்துல ஆக்சிஜன் மாட்டினப்ப அக்கா தடுக்கல. இப்ப குடுக்கலாம், இப்பதான் குடுக்கணும்னு சொல்லிட்டு மெதுவா உக்காந்தாங்க.

விழுந்ததுலேர்ந்து மேல வந்த வரைக்கும் மூணரை நிமிஷம். அக்கா நோட்டுல எழுதியிருந்தாங்க. அதுக்கு மேல ஒரு வரி இருந்துச்சு, மீட்டர் எடுக்க நான் ஸ்டூலை விட்டுப் போனேன்னு. வால்வு பதினஞ்சுல திறந்திருந்ததுன்னு அடுத்த வரி. யார் திறந்ததுன்னு எழுதல. ஆம்புலன்ஸ் கிளம்புறதுக்கு முன்னாடி ஃபோர்மன் அதைத்தான் கேட்டார். திறந்திருந்துச்சு, மூடினேன்னு மட்டும் சொன்னாங்க. சொல்றப்ப என்னைப் பார்த்தாங்க. நான் கீழ கிடந்த கையுறையைப் பொறுக்கிக்கிட்டிருந்தேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவுல நீளமா ஒரு பெஞ்சு. அம்மா ஒரு முனையில, மகளுக்கு முதுகைக் காட்டி உக்காந்திருந்தாங்க. மேலேர்ந்து பார்த்த கிரேன்காரர் போன் போட்டுச் சொல்லியிருக்கார், பையன் விழுந்தான், உங்க பொண்ணு எதிர்ப்பக்கமா ஓடினாங்க, அப்புறம் காப்பாத்தப் போனவனையும் பிடிச்சு இழுத்துட்டாங்கன்னு. அவர் கண்ணுல பட்டது அவ்வளவுதான், பொய் இல்ல. அம்மா சுவரைப் பார்த்துப் பேசினாங்க.

"பார்த்துக்கோன்னு ஒரே ஒரு வேலைதான் கொடுத்தேன். அவன் விழுந்தான், இவ ஓடினாளாம். பெத்த வயிறு இதையும் கேக்கணும்."

எதுக்கு ஓடினேன்னு அக்கா சொன்னா, வால்வைச் சொல்லணும். வால்வைச் சொன்னா, என்னைச் சொல்லணும். ஒரே ஒரு வாக்கியம். அதை அவங்க சொல்லாம உக்காந்திருக்கிறதைப் பார்த்துக்கிட்டு நானும் உக்காந்திருந்தேன். என்ன நெஞ்சழுத்தம் எனக்கு. அவங்களே சொல்லட்டும், சொன்னா திட்டு வாங்கிக்கலாம்னு காத்திருந்தேன். உள்ள டாக்டர் இன்னும் எதுவும் சொல்லல. அவன் முழிப்பானா, முழிச்சாலும் அதே ஆளா இருப்பானான்னு யாருக்கும் தெரியல.

ஒரு நர்ஸ் வந்து அக்கா கையைப் பார்த்தாங்க. கைக்குட்டையை அவிழ்த்து, காயத்தைத் துடைச்சு, நிமிந்தாங்க. இது மெஷின்ல பட்டது இல்லையே, மனுஷன் கடிச்சது மாதிரி இருக்கே, ஊசி போடணும், யார் கடிச்சதுன்னு கேட்டாங்க.

அம்மா அப்பதான் திரும்பினாங்க. மகள் கையில மேலயும் கீழயும் வளைஞ்சு பதிஞ்சிருந்த பல் வரிசையைப் பார்த்தாங்க.

அக்கா ஒண்ணும் இல்லம்மான்னு கையை இழுத்துக்கிட்டாங்க.

"நான்தான் கடிச்சேன்"னு சொன்னேன். என் குரல் எனக்கே கேக்கல, இன்னொரு தரம் சொன்னேன். அதுக்கப்புறம் நிறுத்த முடியல. வால்வை நான் மூடாம விட்டது, உருண்டையைப் பார்க்காதது, ஸ்டூல்ல உக்காந்துக்கிட்டு அவனை இறங்க விட்டது, அவன் வீசின கயிற்றை வாங்கி ஓரமா மாட்டினது, எல்லாத்தையும் சொன்னேன். அக்கா ஓடினது நான் திறந்து வச்சதை மூடத்தான்மா. அதை மூடிட்டு வந்து என்னைப் பிடிச்சு இழுக்கலைன்னா நானும் அவனும் ரெண்டு பேரும் போயிருப்போம். இப்படிச் சொல்லிட்டு, அடிக்கட்டும்னு நின்னேன். அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்.

அம்மா என்னைப் பார்க்கவே இல்ல. பெஞ்சுல நகர்ந்து நகர்ந்து மகள்கிட்ட வந்தாங்க. அந்தக் கையை எடுத்து மடியில வச்சுக்கிட்டாங்க. நர்ஸ் ஊசி போடுறப்ப அக்கா முகம் சுளிக்க, அம்மா அவங்க கண்ணைத் தன் உள்ளங்கையால மூடினாங்க, சின்னப் பிள்ளைக்கு மூடுற மாதிரி. நாப்பது வயசுப் பொம்பளை அப்பதான் அழுதாங்க. தொட்டிக்கிட்ட ஒரு சொட்டு விடாதவங்க.

கொஞ்ச நேரத்துல உள்ளேர்ந்து டாக்டர் வந்தார். முழிச்சுட்டார், கையும் காலும் அசையுது, ஆளையும் தெரியுது, ஆனா குனிஞ்சதுக்கு அப்புறம் ஒண்ணும் ஞாபகம் இல்ல, எனக்கு என்ன ஆச்சுன்னு திரும்பத் திரும்பக் கேக்குறார், யாராவது ஒருத்தர் போய்ச் சொல்லுங்கன்னார்.

அக்கா எழுந்தாங்க. அம்மா அவங்க முந்தானையைப் பிடிச்சு உக்கார வச்சாங்க.

"நீ இரு. அவன் போய்ச் சொல்லட்டும்."

வராந்தாவுலேர்ந்து அந்தக் கதவு பத்தடி இருக்கும். நாலுன்னு மீட்டர் காட்டின தொட்டிக்குள்ள ஒரு நொடி யோசிக்காம காலை விட்டவன் நான். அந்தக் கதவுல கை வச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியல. திரும்பிப் பார்த்தேன். அக்கா கண்ணைத் துடைச்சுக்கிட்டு என்னையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. தடுக்கிற பார்வை இல்ல.

உள்ள போனேன். தலையணையில சாஞ்சு கிடந்தான். என்னைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தான், வறண்ட உதடு ஒட்டிக்கிச்சு. "மாப்ள, என்னடா ஆச்சு எனக்கு?"ன்னான்.

கட்டிலுக்குப் பக்கத்துல நாற்காலி இருந்துச்சு. நான் உக்காரல. நின்னுக்கிட்டே, வால்வுலேர்ந்து ஆரம்பிச்சேன்.